வேலியும் பயிரும்: வாய்நோய் ஆராய்ச்சி வரலாற்றில் நிர்ப்பீடனக் கலங்கள்

உடலின் காவற்கலங்களைப் போர்வீரராக உருவகித்து எழுதும் வழக்கம் விஞ்ஞான நூல்களில் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1882 ஆம் ஆண்டின் இறுதியில், சிசிலித் தீவின் மெசினா நகரில், உருசிய விலங்கியலறிஞர் மெச்னிக்கோவ் நட்சத்திரமீனின் கண்ணாடி போன்ற குடம்பியொன்றினுள் முள்ளைச் செலுத்தினார். நடமாடும் கலங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றமையை மறுநாட் காலை நுணுக்குக்காட்டியிற் கண்டார். அயற்பொருளை விழுங்கும் இக்கலங்கள் உடலைக் காப்பன என்பது அவர்தம் முடிபு. 1908 இல் அவருக்கும் எர்லிச்சுக்கும் நோபற் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோது காவலன் என்னும் உருவகம் நிலைபெற்றுவிட்டது எனலாம்.

ஆயின் 1863 இலேயே ஜேர்மானிய நோயியலறிஞர் வேர்ச்சோ, புற்றுக் கட்டிகளுள் வெண்குருதிக் கலங்கள் செறிந்திருந்தமையைக் கவனித்து, நாட்பட்ட அழற்சியே கட்டி தோன்றும் களமாகலாம் எனக் கருதியிருந்தார். வேலியே பயிரை மேயக்கூடும் என்ற இக்கருத்து நெடுங்காலம் பின்தள்ளப்பட்டது. விஞ்ஞானிகள் தம் துறையின் வெற்றிகளையே வரிசைப்படுத்துவர். வரலாற்று மாணவனுக்கோ மறக்கப்பட்ட கருத்தும் அதேயளவு முக்கியமானது.

இவ்விரு கருத்துக்களும் சந்திக்குமிடமாக வாயின் மென்சவ்வு அமைகின்றது. உணவும் நுண்ணுயிரும் அதனை இடையறாது தீண்டுகின்றன. அங்குள்ள காவற்கலங்கள் எந்நாளும் விழித்திருத்தல் வேண்டும்; அதேவேளை தீண்டுவன யாவற்றையும் எதிர்த்தலும் ஆகாது.

1952 இல் சுவாட்ஸ் என்பார், கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடத்து, மென்சவ்வு இறுகி வாய் திறக்கவியலாது போகும் நோயொன்றை விவரித்தார். அவர் இட்ட இலத்தீன் பெயரில் 'காரணம் அறியப்படாத' எனப் பொருள்படும் அடைமொழி ஒன்று இருந்தது. காரணமோ பாக்கு வடிவில் வாயிலேயே இருந்தது! வெற்றிலை மெல்லுதலுக்கும் கன்னப் புற்றுக்கும் இருக்கக்கூடிய தொடர்பு குறித்துப் பலேந்திரா 1949 இலேயே பிரித்தானியப் பல்மருத்துவச் சஞ்சிகையில் எழுதியிருந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இறுகிய இழையத்தில் நிணநீர்க்குழியங்கள் காணப்பட்டன. எனினும் அவற்றின் தொழில் அன்று தெளிவாகவில்லை. 1961 இல் மில்லர், பிறந்த சுண்டெலிகளின் தைமசுச் சுரப்பியை அகற்றிச் செய்த பரிசோதனைகளின் பின்னரே 'ரீ' கலங்களைப் பற்றிய அறிவு வளரலாயிற்று. இன்று நாம் அறிவது இது: பாக்கின் இரசாயனப் பொருள்களும் உராய்வும் அழற்சியை உண்டாக்க, 'ரீ' கலங்களும் பெருந்தின்கலங்களும் அங்கு திரள்கின்றன. அவை விடுக்கும் இரசாயனச் செய்திகள் நார் உற்பத்தி செய்யும் கலங்களைத் தூண்டுகின்றன; கொலாசன் மிகுந்து சவ்வு இறுகுகின்றது. புண்ணை ஆற்றும் தம் தொழிலையே அக்கலங்கள் செய்கின்றன. புண் நாள்தோறும் புதுப்பிக்கப்படுதலே கேடு. 1986 இல் டிவோராக், புற்றுக்கட்டியை ஆறாத புண் என வருணித்தபோது வேர்ச்சோவின் குரல் மீண்டும் ஒலித்தது.

இதனாற் காவலர் வேண்டாதவர் என்றாகாது. 1981 யூனில் லொஸ் ஏஞ்சலீசில் இளைஞர் ஐவரின் நோய் பற்றி வெளியான அறிக்கை, அவர்தம் மென்சவ்வுகளிற் கண்டிடாப் பூஞ்சணம் படர்ந்திருந்ததைக் கூறிற்று. 'ரீ' கலங்களை அழிக்கும் எயிட்சு நோயின் முதல் அறிக்கை அதுவே. காவற்கலங்கள் புற்றுக்கலங்களையும் தேடியழிக்கின்றன என 1957 இற் பேணற் முன்வைத்த கருத்தும் பொய்யாகவில்லை. புற்றுக்கலம் அக்காவலரைத் தடுத்து நிறுத்தும் வழிகளையும் கொண்டுள்ளது என்பதே பின்னர் தெரியவந்தது. அத்தடையை நீக்கும் மருந்துகள் இரண்டு, தலை, கழுத்துப் புற்றுநோய்க்கென 2016 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. ஆயினும் நோயாளருட் சிறுபான்மையோர்க்கே அவை பயனளித்தன.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர்நிலையம் 1985 இற் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை மட்டுமே புற்று விளைவிப்பதாகத் தீர்மானித்தது. புகையிலையற்ற தாம்பூலமும் பாக்கும் அப்பட்டியலிற் சேர்க்கப்பட்ட தீர்ப்பு 2004 இலேயே நூலாக வெளிவந்தது. எம் சபைகளில் வெற்றிலைத் தட்டம் வரவேற்பின் சின்னமாக இருந்துவரும் நிலையில் இத்தாமதம் சிறியதன்று. பாக்கை நிறுத்திய பின்னரும் ஒருமுறை இறுகிய சவ்வு பழைய நிலைக்கு மீள்வதில்லை.