மணிப்பூரில் ஓர் ஊசியின் வரலாறு

1989 செப்டம்பர் வரை, மணிப்பூரில் ஊசிவழி போதைப்பொருள் பயன்படுத்துவோரிடம் நடத்தப்பட்ட இரத்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி. தொற்று தென்படவில்லை. அடுத்த ஆறு மாதங்களில் பரிசோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது காணப்பட்டது. ஒரு கிருமி இத்தனை விரைவாகப் பரவியது எவ்வாறு?

மியான்மர் எல்லையிலுள்ள மோரே வழியாக 1980களில் ஹெராயின் எளிதாக வந்து சேர்ந்தது. தூய ஊசியோ எளிதில் கிடைக்கவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நுகர்வையும் குற்றமாக்கியிருந்தது. ஊசியைக் கையில் வைத்திருப்பதே காவலரின் ஐயத்திற்கு இடமளித்தது. ஆகவே இளைஞர்கள் ஊசியைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாது, மறைவிடங்களில் ஒன்றையே பலரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். மைநிரப்பும் குழாயில் ஊசியைப் பொருத்திச் செலுத்திக்கொண்டோரும் உண்டு. தண்டனைக்கு அஞ்சி ஒளிந்தவர்களை நோய் தேடிப் பிடித்தது. பின்னர் அது ஊசியையே தொட்டறியாத மனைவியரையும், அவர்கள்வழிக் குழந்தைகளையும் அடைந்தது.

சிறையும் சமூக விலக்கும் பரவலைத் தடுக்கவில்லை. இவ்வனுபவமே மாநிலத்தை வேறு வழிக்குத் திருப்பியது. 1996இல் மணிப்பூர் தனக்கெனத் தனி எய்ட்ஸ் கொள்கையை வகுத்து, தீங்குக் குறைப்பை ஏற்றது. பயன்படுத்திய ஊசியைப் பெற்றுக்கொண்டு தூய ஊசி வழங்குதல், புப்ரெனார்ஃபின் மாத்திரையை மேற்பார்வையில் நாவின்கீழ் வைத்துக் கரையச் செய்தல் ஆகியவை அதன் முதன்மைக் கூறுகள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் (2007–2012) இம்மாற்று மருத்துவம் நாடளாவிய திட்டத்தில் இடம்பெற்றது.

ஊசி கொடுப்பது பழக்கத்தை ஊக்குவிக்காதா என்னும் வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. பல நாடுகளின் ஆய்வுகள் அவ்வாறு பழக்கம் பெருகியதாகக் காட்டவில்லை. மாறாக, ஊசி பெற வருபவரே பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வந்து சேர்கிறார். பழக்கத்தை விடும் நாள் வரை அவர் உயிரோடு இருத்தல் வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 22ஆம் பிரிவு இத்தகைய பணிகளுக்குக் குற்ற வழக்கிலிருந்து பாதுகாப்பு அளித்தது. எனினும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு நுகர்வோரை இன்னும் குற்றவாளியாகவே கருதுகிறது. ஒரு சட்டம் அவரை மருந்தகத்திற்கு அழைக்கிறது. மற்றொன்று அவரை மறைவிடத்திற்குத் துரத்துகிறது. மறைவிடத்தில் என்ன நேரும் என்பதை மணிப்பூர் ஆறே மாதங்களில் கற்றுக்கொண்டது.