லெப்டினன்ட் அட்னான் சைடி: பிடிபட்ட பிறகு நடந்தது என்ன?

புக்கிட் சண்டு பக்கம் போயிருக்கிறீர்களா? பாசிர் பாஞ்சாங்கில் இருக்கும் அந்தக் குன்றின் அடிவாரத்தில் ஒருகாலத்தில் அபின் ஆலை இருந்தது. மலாயில் 'சண்டு' என்றால் அபின். பெயர் வந்தது அப்படித்தான்.

1942 பிப்ரவரி 14ஆம் தேதி அங்கே மலாய்ப் படைப்பிரிவின் ஒரு சிறு குழுவுக்குத் தலைமை தாங்கி நின்றவர் லெப்டினன்ட் அட்னான் சைடி. 1915இல் காஜாங் அருகே பிறந்தவர். 1933இல் படையில் சேர்ந்தவர்.

அன்று தலைப்பாகை கட்டிய வீரர்கள் குன்றை நோக்கி அணிவகுத்து வந்தார்கள். பார்த்தால் பஞ்சாப் படையினர், அதாவது நம்ம ஆளுங்க. ஆனால் வரிசைக்கு நான்கு பேர்! பிரிட்டிஷ் படையில் மூன்று மூன்று பேராகத்தான் நடப்பார்கள். வேஷம் கலைந்தது. அட்னானின் குழு அவர்களை நெருங்கவிட்டுச் சுட்டது.

ஜப்பானியர்கள் பெரும்படையோடு திரும்பி வந்தார்கள். தோட்டா தீர்ந்து, கைகலப்பு வரை போனது. படுகாயமடைந்த அட்னான் உயிரோடு பிடிபட்டார். பிறகு கொல்லப்பட்டார். எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

பிடிபட்டவரைக் கொல்லலாமா? கூடாது. 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையை ஜப்பான் உறுதிசெய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால், ஆயுதம் இழந்து சரணடைந்தவரைக் கொல்வதைத் தடை செய்யும் 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை அது 1911இலேயே ஏற்றிருந்தது.

மறுநாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அட்னானின் உடல் கிடைக்கவே இல்லை. கல்லறையும் கிடையாது. கிராஞ்சி போர் நினைவகத்துக்குப் போனால் 385ஆம் தூணில் அவர் பெயரைப் பார்க்கலாம்.