மலக்குழியில் தீப்பொறி: பேசப்படாத இன்னோர் அபாயம்

மலக்குழி மரணம் என்றதும் நாம் நச்சுவாயுவையே நினைக்கிறோம். அதே குழியில் வெடிப்பும் காத்திருக்கிறது என்பது அரிதாகவே பேசப்படுகிறது. காற்றின்றி அழுகும் கழிவிலிருந்து மீத்தேன் உருவாகிறது. காற்றில் அதன் அளவு 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கையில், ஒரு சிறு பொறியே அதைப் பற்றவைக்கப் போதுமானது. ஹைட்ரஜன் சல்பைடு நஞ்சு மட்டுமன்று, அதுவும் எரியக்கூடியது.

இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பும்போது பொறி பறக்கலாம். சாதாரண டார்ச், கைபேசி, குழியருகே ஓடும் மோட்டார் ஆகியவையும் பொறியை எழுப்பக்கூடும். வாயு இருக்கிறதா என்று அறியத் தீக்குச்சியைக் கொளுத்திப் போடும் பழக்கம் இவை அனைத்தினும் கொடியது.

இதைத் தடுக்கும் கருவிகள் இருவகைப்படும். ஒன்று, அலுமினிய வெண்கலம், பெரிலியம் செம்பு போன்ற கலப்பு உலோகங்களால் ஆன கைக்கருவிகள். மற்றொன்று, வாயுவைப் பற்றவைக்க இயலாத அளவுக்கு மின்னாற்றலைக் கட்டுப்படுத்திய விளக்குகளும் வாயு அளவிகளும். 1913-இல் வேல்ஸ் நாட்டின் செங்ஹெனித் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர்கள் மாண்டனர். மின்மணிச் சுற்றில் எழுந்த பொறி காரணமாக இருக்கலாம் என்ற ஐயமே இந்த இரண்டாம் வகைக்கான ஆய்வுகளைத் தூண்டியது.

கருவி இருந்தால் மட்டும் போதாது, முறையும் வேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது. மூடியின் கீழ் தேங்கும். ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, அடியில் தங்கும். ஆகவே பல ஆழங்களில் அளக்க வேண்டும். கசடைக் கிளறினால் புதிய வாயு வெளிவரும் என்பதால், பணி முடியும்வரை அளவி இயங்க வேண்டும். காற்றூதியின் மோட்டாரைக் குழிவாயிலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

பெட்ரோலியக் கிடங்குகளில் இத்தகைய மின்கருவிகள் சட்டப்படி கட்டாயம். அதே தீப்பற்றும் வாயு மலக்குழியில் இருக்கும்போது அந்த அக்கறை மறைந்துவிடுகிறது. அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்கள் என்பதை விலக்கிவிட்டு இவ்வேறுபாட்டை நம்மால் விளக்க இயலவில்லை.

மனிதரைக் குழிக்குள் இறக்காமையே முதற்பாதுகாப்பு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகளின்றி ஆட்களைக் கொண்டு கழிவுநீர்த் தொட்டிகளைத் துப்புரவு செய்விப்பதைத் தடை செய்கிறது. இறந்தோர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. ஆனால் இயந்திரம் வந்த பின்னரும் மூடியைத் திறப்பவரும் குழாயைச் செலுத்துபவரும் அதே வாயுவின் அருகில்தான் நிற்கின்றனர். எனவே உள்ளாட்சி அமைப்புகள் ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே தீப்பொறி எழுப்பாத கருவிகளை நிபந்தனையாக்க வேண்டும். இழப்பீடு மரணத்துக்குப் பின் வருவது. நாம் கோருவது அதற்கு முன்னர் வரவேண்டிய நீதியை.