அத்தையின் ரத்தம்

ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர். 2019இல் சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 61, சர்க்கரை வேறு. உடன்பிறந்தவர்களில் அத்தைக்கு மட்டும் பொருந்தியது. "இந்த வயசுல மஜ்ஜை மாத்துனா அவன் தாங்குவானாப்பா?" என்று கேட்டார். பதில் தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

புதுக்கோட்டைக்காரனுக்குப் புற்றுநோய் என்றதும் முத்துலட்சுமி ரெட்டிதான் நினைவுக்கு வருவார். 1886இல் இங்கே பிறந்தவர், மகாராஜா கல்லூரியில் படித்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். மூன்றே வருடத்தில், 1957இல், அமெரிக்காவில் டோனல் தாமஸ் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்திய முடிவுகளை வெளியிட்டார். ஒருவரும் நூறு நாள் தாண்டவில்லை. ஆனாலும் மனிதர் விடவில்லை. 1990இல் நோபல் வந்தது. இந்தியாவில் முதல் மாற்று 1983இல், மும்பை டாட்டா மருத்துவமனையில். வேலூர் சி.எம்.சி.யில் 1986.

அன்றைய கணக்கு முரட்டுக் கணக்கு. களை மண்டிய வயலை மொத்தமாகக் கொளுத்திவிட்டுப் புதிதாக நடுவது. கடும் மருந்தும் கதிர்வீச்சும்தான் நோயைக் கொல்கின்றன, மஜ்ஜை வெறும் நாற்று என்று நம்பினார்கள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு அந்தத் தீயைத் தாங்காது. ரத்தப் புற்றுநோயோ பெரும்பாலும் வயதானவர்களைத்தான் பிடிக்கிறது!

1979இல் சியாட்டில் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கொடையாளியின் அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் தாக்குமே, அந்தத் தொல்லை வந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு. அப்படியானால் நாற்றே களையையும் தின்கிறது. எனக்கு இந்த இடம்தான் பிடித்தது: பக்கவிளைவு என்று பயந்த ஒன்றுக்குள் மருந்து இருந்திருக்கிறது. 1990களின் பிற்பாதியில் ஹூஸ்டனிலும் ஜெருசலேமிலும் சியாட்டிலிலும் தீயைக் குறைத்தார்கள். சியாட்டிலில் ரெய்னர் ஸ்டார்ப் குழு நாய்களில் சோதித்துவிட்டு, பத்து கிரேக்கு மேல் கொடுத்த கதிர்வீச்சை இரண்டாக்கியது. ஒரு விலை உண்டு. மென்முறையில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். டாக்டர் அதை மறைக்காமல் சொன்னார்.

அத்தைக்கு நாலைந்து நாள் ஊசி, பிறகு இயந்திரத்தில் சில மணி நேரம். "இம்புட்டுத்தானா?" என்றார்.

மென்முறையில் இரண்டு பேர் அணுக்களும் கொஞ்ச நாள் கலந்தே ஓடும். ஆணுக்குப் பெண் கொடுத்தால் குரோமோசோமைப் பார்த்தே பிரித்துவிடலாம். முப்பதாம் நாள் அத்தை 82 சதவீதம், தொண்ணூறாம் நாள் 97.

"மிச்சம் மூணு?"

"சித்தப்பாதான் அத்தை."

அதற்குப் பின் மூன்று வருடம் அவர் கடலை போட்டார். நாலாம் வருடம் அத்தையின் சதவீதம் இறங்க ஆரம்பித்தது. தாளை அத்தையிடம் காட்டவில்லை.