கட்டுச்சோறும் கடைச்சோறும்

மனிதன் தன் வீட்டில் உண்ணும் உணவைப் பற்றி இலக்கியங்களும் வைத்திய நூல்களும் மிகுதியாகக் கூறுகின்றன. வீட்டைவிட்டுப் புறப்பட்டவன் வழியில் எதனை உண்டான், எங்கே உண்டான், யாரோடு அமர்ந்து உண்டான் என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர் சிலரே. ஆயினும் ஒரு சமுதாயத்தின் இயல்பை அறிதற்கு இவ்வினாக்களே பெரிதும் துணைசெய்வன. அடுக்களையில் ஒருவன் உண்பது தன் சுற்றத்தாரோடு. வழியிலும் மடத்திலும் கடையிலும் உண்ணும்போதுதான் அவன் அயலாரோடு பந்தியிருக்கின்றான். அயலாரை நம் முன்னோர் எவ்வாறு நடத்தினர் என்பதை வீட்டுப் பந்தியிலும் பார்க்க வழிப்பந்தியே தெளிவாகக் காட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

குடும்பத்தோடு வழி நடந்து, வெட்டவெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்துண்ணும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சங்க காலத்து உமணர் உப்புப் பொதிகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மனைவி மக்களோடு ஊர் ஊராகச் சென்றனர். அவர்தம் வண்டியில் ஊறுகாய்ப் பானை கயிற்றால் பிணிக்கப்பட்டிருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. வழியில் எருதுகளை அவிழ்த்து மேயவிட்டுக் கற்களைக் கூட்டி அடுப்பாக்கிச் சமைத்தனர். அவர் விட்டுச்சென்ற அடுப்புக் கற்களிலே, பின்னர் அவ்வழி வந்த வில்வீரர் தம் இறைச்சியைச் சமைத்த செய்தியை அகநானூறு கூறுகின்றது. ஒருவர் விட்டுச்சென்ற அடுப்பு முன்பின் அறியாத மற்றொருவருக்குப் பயன்பட்டது. வழியின் இயல்பு அதுவே.

சமைத்துண்ண வசதியற்ற வழிப்போக்கனுக்கு ஊராரே துணை. ஆற்றுப்படை நூல்களில் வரும் பாணனுக்கு வேடரும் ஆயரும் உழவரும் வலைஞரும் தத்தம் நிலத்து உணவை வழங்குகின்றனர். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அக்காலத்தில் விருந்து என்ற சொல், உறவினரை அன்று, புதிதாய் வந்தவரையே குறித்தது. மணிமேகலைக் காப்பியமோ அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரம் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் தோன்றியதாகக் கூறும். அம் மணிபல்லவம் நயினாதீவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. பசித்தவர் யாவராயினும் அவர் பசி தீர்க்கும் பாத்திரம் பற்றிய கதை, நம் கடலோடும் தீவோடும் இணைத்துப் பேசப்படுவது சிந்திக்கத்தக்கது.

இக்கருத்துக்கள் நூலளவில் நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் கல்லும் சுண்ணமுமாக உருவெடுத்தன. ஆறில்லாத இச் சுண்ணக்கல் நிலத்தில், வெயிலில் நடப்பவனுக்கு முதலில் வேண்டியது நீரும் நிழலுமாகும். ஆகவே தருமவான்கள் தெருவோரங்களில் மடங்களைக் கட்டுவித்தனர். மடத்தின் அருகே கேணி. தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றவும் சுமைதாங்கி. வண்டி மாடுகள் உடல் உரஞ்சுதற்கு ஆவுரோஞ்சிக்கல். மனிதனின் இளைப்பை மட்டுமன்றி மாட்டின் தினவையும் எண்ணிப் பார்த்த அறம் இது. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் வீதியின் இருமருங்கும் திண்ணை அமைத்து, வீதிக்கு மேலாகவே கூரை வேயப்பட்டது. கந்தர்மடம், செட்டியார்மடம் என்னும் இடப்பெயர்கள், இத்தகைய மடங்கள் மக்கள் வாழ்வில் எத்துணை இடம்பெற்றிருந்தன என்பதற்குச் சான்று பகர்கின்றன.

மடத்தில் இடம் கிடைக்கும், நீர் கிடைக்கும். உணவு எப்போதும் கிடைக்கும் என்று கூறவியலாது. ஆகவே புறப்படும் முன்னரே வீட்டில் கட்டுச்சோறு ஆயத்தமாயிற்று. கட்டுச்சோறு ஆக்குதல் ஒரு தனிக் கலை. சோறு குழையாமல் பதமாக வடிக்கப்பட்டு, ஆறவிடப்படும். புளியைக் கரைத்து உப்பும் மிளகாயும் சேர்த்துத் தடிக்கக் காய்ச்சி, நல்லெண்ணெயோடு சோற்றிற் பிசைவர். ஈரமும் சூடும் சோற்றைக் கெடுப்பன. புளியும் உப்பும் எண்ணெயும் அதனைக் காப்பன. இந்த உண்மையை நம் பெண்கள் விஞ்ஞான நூல் எதனையும் படித்து அறிந்தாரல்லர். தாயிடமிருந்து மகள் கற்றாள். வாழையிலையை அனலில் வாட்டினால் அது கிழியாது மடியும். அவ்வாறு வாட்டிய இலையிற் பொதிந்த சோறு பனையோலைப் பெட்டியில் வைக்கப்பட்டது. பயற்றம் பணியாரமும் பொரிவிளாங்காயும் பல நாட்களுக்குத் தாங்கின. புழுக்கொடியலோ மாதக்கணக்கில் கெடாது. குடிக்கக் கூழோ பதநீரோ கிடைத்தால், ஓலையை மடித்துக் கோலிய பிளாவே பாத்திரம். குடாநாட்டான் தன் வழியுணவை மட்டுமன்றி அதனை வைக்கும் கலத்தையும் பனையிடமிருந்தே பெற்றான்.

இவ்வாறு ஆயத்தமான குடும்பங்கள் மாட்டு வண்டிகளிற் புறப்பட்டன. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தம். வைகாசியில் வன்னியிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். கூடாரம் இட்ட வண்டியே பகலில் ஊர்தி. இரவில் குழந்தைகளுக்குப் படுக்கை. கொண்டுவந்த சோறு தீர்ந்ததும் மரநிழலில் மூன்று கற்களைக் கூட்டி உலை வைப்பர். ஆண்கள் விறகு பொறுக்குவதும் நீர் அள்ளுவதும், பிள்ளைகள் கறிக்கு இலை கிள்ளுவதும், வீட்டில் அடுக்களைப் பக்கம் எட்டியும் பாராத தந்தையார் அடுப்பு ஊதுவதும் இத்தகைய யாத்திரைகளிலேதான். இன்று குடும்பங்கள் விடுமுறை நாட்களில் காட்டோரங்களிற் கூடாரம் அமைத்துத் தங்குவதைப் புதிய நாகரிகம் எனக் கருதுவோர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

இவற்றுள் மிக நெடியது கதிர்காம யாத்திரை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்படும் அடியார் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகக் கீழைக் கரையோரமே நடந்து உகந்தைமலையை அடைவர். அதற்கப்பால் ஊரில்லை, கடையில்லை, கூமுனையும் யால வனமுமே வழி. உகந்தையில் அரிசியும் பருப்பும் உப்பும் கட்டிக்கொண்டு காட்டினுள் நுழைந்து, ஆற்றோரங்களிற் சமைத்துண்டு, இரவில் தீ வளர்த்து உறங்கி, மாணிக்க கங்கைக் கரையைச் சேர்வர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெருங்கூட்டத்தால் வாந்திபேதி பரவுமென அஞ்சிய ஆங்கில அரசாங்கம் இந்த யாத்திரையைக் கட்டுப்படுத்திற்று. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ப் கதிர்காம விழாக்கால ஒழுங்குகளைத் தாமே மேற்பார்வை செய்தார். நீரும் உணவும் மாசுபட்டால் யாத்திரை எத்தகைய ஆபத்தாகும் என்பதை அக்காலத்து நோய்கள் உணர்த்தின.

இதுகாறும் கூறியவை கட்டுச்சோற்றின் பெருமை. அதற்கு மற்றொரு முகமும் உண்டு. வீட்டுச் சோற்றைக் கட்டிச் சென்றவன் வீட்டின் சுவையை மட்டும் கொண்டு செல்லவில்லை. வீட்டுச் சுவர்களையும் உடன் கொண்டு சென்றான். யார் வீட்டிற் கை நனைக்கலாம், யார் வீட்டிற் செம்பு எடுக்கலாம் என்ற சாதிக் கணக்குகள் ஊரில் இறுக்கமாக நிலவின. வழியிலே அயலார் சமைத்ததை உண்ணாதிருத்தற்குக் கட்டுச்சோறு ஒரு வசதியான வழியாயிற்று. மடத்து நிழலும் எல்லாருக்கும் ஒன்றாயிருக்கவில்லை. கேணியின் படியில் இறங்கி நீர் அள்ளும் உரிமை சிலருக்கு மறுக்கப்பட்டது. மாட்டின் தினவுக்குக் கல் நாட்டிய சமுதாயம், மனிதருள் ஒரு பகுதியாரின் தாகத்திற்கு வரம்பு கட்டிற்று. வரலாற்றைக் கற்போர் இவ்விரண்டையும் ஒருங்கே காணுதல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வழியின் இயல்பே மாறிற்று. பெருந்தெருக்கள் திறக்கப்பட்டன, உத்தியோகத்தர் தங்குதற்கு வாடிவீடுகள் எழுந்தன. 1865இல் முதற் புகையிரதப் பாதை கொழும்பிலிருந்து அம்பேபுசைக்குத் திறக்கப்பட்டது. 1905இல் கொழும்பும் யாழ்ப்பாணமும் புகையிரதத்தால் இணைந்தன. பல நாள் வழிநடை ஒரு பகல் இரவிற்குள் அடங்கிற்று. ஆங்கிலம் கற்ற இளைஞர் எழுதுவினைஞராகவும் கணக்காளராகவும் கொழும்புக்குச் சென்றனர். அவரோடு கட்டுச்சோறும் புகையிரதம் ஏறிற்று. ஆயினும் பயணம் முடிந்தபின் நாள்தோறும் உண்பது எங்கே? ஊரிலிருந்து பொதி வருவது மாதத்திற்கு ஒருமுறைதானே.

இதற்கு இருவகை விடை கண்டனர். ஒன்று சமறி வாழ்க்கை. பல இளைஞர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை அமர்த்தியோ தாமே முறைவைத்துச் சமைத்தோ, செலவைப் பங்கிட்டு உண்டு வாழ்ந்தனர். அம்மாவின் கறித்தூளும் ஊர் எள்ளுருண்டையும் அங்கே பொதுச்சொத்தாயின. மற்றையது சைவக்கடை. வாழையிலையில் சோறு, பருப்பு, சொதி, பொரியல். காலையிலும் மாலையிலும் தோசை, இட்டலி, வடை. விருந்தும் அன்று, தருமமும் அன்று. காசு கொடுத்து உண்பது. முன்னோர் சோறு விற்பதை இழிவாக எண்ணியதுண்டு. எனினும் காசு கொடுத்து உண்பதில் ஒரு புதுமை இருந்தது. காசுக்குச் சாதி இல்லை. அருகில் இருந்து உண்பவனின் ஊரும் குலமும் வினாவாமல் இலை போடும் பழக்கம் கொழும்பு நகரக் கடைகளிலே மெல்ல மெல்ல வேரூன்றிற்று.

1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடக்கிய தேயிலைச் செய்கை, முதலில் ஏற்றுமதிக்கே உரியதாயிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அது நாட்டு மக்களின் பானமுமாயிற்று. யாழ்ப்பாணத்துச் சந்திகள்தோறும் தேநீர்க்கடைகள் தோன்றின. பத்திரிகை படிப்பதும், தேர்தல் பற்றி வாதிடுவதும் அங்கேதான். ஆனால், நகரத்துக் கடையில் தளர்ந்த சுவர், ஊர்ச் சந்தியில் மீண்டும் எழுந்து நின்றது. ஒருசாரார்க்கு உள்ளே வாங்கும் மூக்குப்பேணியும். தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் புறத்தே நிலமும், போத்தலோ தகரப்பேணியோ. அவர் கொடுத்த காசு மட்டும் உள்ளே சென்றது.

இதனை எதிர்த்த குரல் பாடசாலைகளிலும் வாலிபர் சங்கங்களிலும் முன்னரே எழுந்திருந்தது. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு தீண்டாமையைக் கண்டித்தது. 1927இல் யாழ்ப்பாணம் வந்த மகாத்மா காந்தியும் அதனையே வலியுறுத்தினார். 1929ஆம் ஆண்டளவில் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்க வேண்டுமென்ற பணிப்பு வந்தபோது கடும் எதிர்ப்புத் தோன்றிற்று; சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரே வாங்கில் இருந்து படிப்பதையே பொறாதவர், ஒரே வாங்கில் இருந்து உண்பதை எங்ஙனம் பொறுப்பர்?

1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறிற்று. கடைகளிலும் பொது இடங்களிலும் சாதி காரணமாக ஒருவரை விலக்குதல் குற்றமாயிற்று. எனினும் சட்டம் ஏட்டில் வந்த அளவில் பேணி மாறிவிடவில்லை. 1966 ஒற்றோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்கு ஊர்வலம் புறப்பட்டது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. சங்கானை முதலிய இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்தன, இரத்தமும் சிந்தப்பட்டது. அக்காலத்து நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டு கே. டானியல் எழுதிய 'பஞ்சமர்' நாவல் 1972இல் வெளிவந்தது. ஒரு பேணி தேநீருக்காகவா இத்துணைப் பாடு என்று வியந்தோர் உளர். பாடு தேநீருக்காக அன்று. பிறர் இருக்கும் வாங்கில் தாமும் இருப்பதற்காக.

பின்னர் வந்த போர் எல்லாரையுமே வழிப்போக்கர் ஆக்கிற்று. 1995 ஒற்றோபர் இறுதியில் யாழ் நகரத்தாரும் வலிகாமத்தாரும் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். கோவில் மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் மரநிழல்களிலும் மூன்று கல் அடுப்புகள் எரிந்தன. பழைய யாத்திரைக்கு வீடு திரும்பும் நாள் உண்டு; இந்த யாத்திரைக்கு அது தெரியாதிருந்தது. ஊர்கூடிக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றோரின் பசி ஒன்றாகவே இருந்தது.

இன்று வடக்கிலும் தெற்கிலும் உணவுச்சாலைகள் பெருகியுள்ளன. அயலூர் செல்லும் குடும்பம் கட்டுச்சோறு கட்டுவது அருகி வருகின்றது. கடைச்சோறு பெருகியதால் வீட்டுச் சமையலின் சுவையும் செட்டும் குன்றுகின்றன என்று முதியோர் வருந்துவதில் உண்மை உண்டு. கட்டுச்சோற்றின் கைப்பக்குவம் மறைந்துவிடாது பிள்ளைகளுக்குப் பழக்கப்படல் வேண்டும். வாட்டிய வாழையிலையின் மணம் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையாது. ஆனால் கடைச்சோற்றை இகழ்வோரும் ஒன்றை மறத்தல் ஆகாது. யாரும் உள்ளே வரலாம், எவரோடும் இருந்து உண்ணலாம் என்ற நிலை தானாக வந்ததன்று. அதற்காகப் படியேறியவர் அடி வாங்கினர். வீட்டிற் பிசைந்த புளிச்சோற்றை அருகில் இருப்பவருக்கும் ஒரு பிடி பகிர்ந்துண்ணும் மனம் உண்டாகுமாயின், கட்டுச்சோற்றின் சுவையும் கடைச்சோற்றின் சமத்துவமும் ஓர் இலையிலே சேர்ந்துவிடும்.