பத்திரிகைக்குப் படியளப்போர்

ஒரு பத்திரிகையின் கொள்கையை அறிய விரும்புவோர் அதன் தலையங்கத்தைப் படிக்கின்றனர். அதன் வரவுசெலவுக் கணக்கைக் கேட்போர் அரியர். ஆயினும் தலையங்கம் மறைப்பதைக் கணக்கேடு சொல்லிவிடும். தெல்லிப்பழையையும் அதன் அயலையும் கொண்டே இதனை விளக்கலாம்.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் நிலையம் அமைத்தனர். 1820இல் வந்த அவர்களது அச்சாளர் கரெற் என்பாரை ஆங்கில ஆட்சி இங்கு தங்க விடவில்லை. 1834இலேதான் மானிப்பாயில் அவர்களது அச்சுக்கூடம் இயங்கலாயிற்று. 1841இல் 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆசிரியர்கள் தமிழர், முதல் மிஷனுடையது. அதனை எதிர்த்த சைவர்கள் 1889இல் 'இந்துசாதன'த்தைத் தொடங்கியபோது அதன் பின்னால் நின்றது சைவபரிபாலன சபை. கொள்கையிலே பகைவர், பொருளாதார அமைப்பிலே உடன்பிறப்புகள்! வாசகன் இரு பக்கத்தாருக்கும் ஓர் ஆன்மாவாகவே தென்பட்டான்.

அவனை வாங்குவோனாகவும் எழுதக்கூடியவனாகவும் கண்டவர் குரும்பசிட்டி நா. பொன்னையா. 1930இல் அவர் சுன்னாகத்திலிருந்து வெளியிட்ட 'ஈழகேசரி'யின் பலம் அவருக்குச் சொந்தமாயிருந்த திருமகள் அழுத்தகமே. கணேசையரின் உரைக்குறிப்புடன் தொல்காப்பியத்தை அச்சேற்றிய அதே நிறுவனம் வார இதழையும் தாங்கிற்று. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிற் பயின்ற அ. ந. கந்தசாமி, அ. செ. முருகானந்தன், மஹாகவி போன்ற இளைஞர்க்கு அவ்விதழ் களம் தந்தது. ஒரு சிற்றூர் மாணவன் தன் பெயரை அச்சிற் கண்டபின் அவன் வீடு முழுவதும் அப்பத்திரிகைக்கு வாசகராகிவிடும். இதைவிடச் சிறந்த சந்தா சேகரிப்பு எது? எனினும் தனியொருவர் தோளில் நின்ற முயற்சி அது. பொன்னையா 1951இல் மறைந்தார். 1958இல் இதழும் நின்றது.

1990இல் போர் தெல்லிப்பழை மக்களை வேரோடு பெயர்த்தது. வழியிருந்தவர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். வாசகரைத் தொடர்ந்து பத்திரிகையும் சென்று, ஈற்றில் இணையத்திற் குடியேறிற்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மெக்சிக்கக் குடியேறிகளுக்காக 1926இல் தோன்றிய 'லா ஒப்பினியோன்' என்னும் ஸ்பானிய ஏடும் இன்று இணையத்தில் இயங்குகிறது. ஆனால் அந்நாட்டு ஸ்பானிய மொழியினர் பல கோடியினர்; அவர்களது பணப்பையை நாடிப் பெருங்கம்பனிகள் விளம்பரம் தருகின்றன. உலகெங்கும் சிதறிய ஈழத்தமிழரை அவ்வாறு மொய்ப்பாரில்லை. ரொறன்ரோவின் வீடு விற்பனை முகவர், நகைக்கடைக்காரர், புடவைக்கடைக்காரர் ஆகியோர் தரும் விளம்பரத்தோடு, இத்தளங்களுக்கு உறுதியான வருவாய் மரண அறிவித்தலே.

இலங்கை வானொலி கட்டணம் பெற்று வாசித்த மரண அறிவித்தலுக்காக வீடே மௌனமான காலம் ஒன்றிருந்தது. அதே வழக்கம் இன்று 'லங்காசிறி' போன்ற தளங்களிற் படத்தோடும் தொலைபேசி இலக்கங்களோடும் தொடர்கிறது. பிறந்த ஊர், வாழ்ந்த நாடு, பிள்ளைகள், மருமக்கள், சகலர் என நீளும் அப்பட்டியலைத் தேடித்தான் பலர் தளத்தைத் திறக்கின்றனர், செய்தி பிறகே. இதனைப் பழித்தல் எளிது. ஆனால் காணியும் வீடும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டுக் கிடந்த ஆண்டுகளில், தெல்லிப்பழை என்ற பெயரை நாள்தோறும் உச்சரித்த ஏடு இவ்வறிவித்தலே எனலாம். சிதறிய ஊரின் குடிக்கணக்கு அது.

ஆயின் அது காசு கொடுத்தோரின் குடிக்கணக்கு. வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோரிற் கடல் கடக்க வழியில்லாத ஒரு பகுதியினர் கால்நூற்றாண்டுக்கு மேலாக மல்லாகம், சுன்னாகம் நலன்புரி முகாம்களிற் கிடந்தனர். கூலியுழைப்பே அவர்களுள் மிகப் பலரின் சீவனம். பவுணிலும் டொலரிலும் கட்டணம் செலுத்த வெளிநாட்டிற் பிள்ளையில்லாத அவர்களது சாவை ஊருக்குச் சொன்னது, மின்கம்பத்திலே பசை தடவி ஒட்டிய ஒற்றைத்தாள். அடுத்த மழையோடு அதுவும் போயிற்று.