ரேடியோ நெல்லுக்குப் பின்னால் இருந்தவர்கள்



தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் ‘ரேடியோ நெல்’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். ஆராய்ச்சிப் பண்ணை அந்த ரகத்திற்கு வைத்த பெயர் ஆடுதுறை 27. திருச்சி வானொலியில் கேட்டு விதை தேடிப் போன ஜனங்கள் வைத்த பெயர்தான் ரேடியோ நெல். இன்று அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த ஆட்களைப் பற்றிப் பேசலாம். அவர்களில் சம்பளம் வாங்கினவர்கள் கொஞ்சம், வாங்காதவர்களே அதிகம்.

நெல்லைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. ஜப்பான் ரகமான நோரின் 10-ஐயும் நம்ம ஜி.இ.பி. 24-ஐயும் இனக்கலப்புச் செய்து எடுத்தது. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும், குறுவைக்குத் தோதானது. தஞ்சை ஜில்லாவில் 1960-களின் தொடக்கத்திலேயே தீவிர விவசாயத் திட்டம் வந்துவிட்டது. ஆனால் புது ரகம் என்றால் விதையை மட்டும் கொடுத்தால் போதுமா? விதையளவு, நாற்று வயது, மேலுரம் போடும் நாள், பூச்சி மருந்து எல்லாமே புதுசு. ஒரு கிராம சேவக் சைக்கிளில் எத்தனை ஊருக்குப் போய்ச் சொல்ல முடியும்?

1966-ல் அகில இந்திய வானொலி, தேர்ந்தெடுத்த சில நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்தது. திருச்சியும் அதில் ஒன்று. அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் விவசாயம் தெரிந்தவர்கள். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து, விவசாயியின் பேச்சை அவர் பேசுகிறபடியே பதிவு செய்து வந்தார்கள். நிபுணர் ‘தழைச்சத்து’ என்று சொன்னால், கூட இருப்பவர் “யூரியாவைத்தானே சொல்றீங்க?” என்று கேட்டுத் தெளிவு பண்ணுவார். கேட்க எளிதாக இருக்கும், செய்வது கடினம். நானும் அறிவியல் படித்தவன்தான். படித்ததை நாலு பேருக்குப் புரியச் சொல்வது தனி வித்தை.

ஆனால் நிலையத்தில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அது பாதி வேலைதான். இது முன்பே பரீட்சித்துப் பார்த்த விஷயம். கனடா நாட்டில் 1941 முதல் 1965 வரை பண்ணை வானொலி மன்றம் என்று ஒன்று நடந்தது. குளிர்காலத்தில் அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒரு வீட்டில் கூடி, நிகழ்ச்சி கேட்டு, விவாதித்து, தங்கள் கருத்தை எழுதி அனுப்புவார்கள். அந்த முறையை யுனெஸ்கோ உதவியோடு 1956-ல் புனே வானொலி மராத்தி கிராமங்களில் செய்து பார்த்தது. சுமார் 150 ஊர்களில் மன்றங்கள், மொத்தம் இருபது நிகழ்ச்சிகள். மன்றம் இருந்த ஊர், ரேடியோ மட்டும் இருந்த ஊர், ரேடியோவே இல்லாத ஊர் என்று மூன்று வகையையும் ஒப்பிட்டு, பம்பாய் டாட்டா சமூக அறிவியல் நிலையத்திலிருந்து பால் நியூராத் என்பவர் ஆராய்ந்தார். மன்றம் இருந்த ஊர்களில் ஜனங்களின் அறிவு வெகுவாகக் கூடியிருந்தது. ரேடியோ மட்டும் இருந்த ஊர்களில் முன்னேற்றம் சொற்பம். 1959-ல் இந்த மன்றங்களை நாடு முழுக்க விரிவாக்கினார்கள்.

வித்தியாசத்துக்குக் காரணம் ரேடியோப் பெட்டி இல்லை, மன்றத்துச் செயலாளர். ஊரிலேயே இருக்கிற ஒரு வாத்தியாரோ, எழுதப் படிக்கத் தெரிந்த விவசாயியோ அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பார். பாட்டரி தீர்ந்துபோச்சா என்று பார்க்க வேண்டும். வேலை முடித்து வந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் ஆளாளுக்குப் பேசுவதில் சண்டை வராமல் பார்த்துக்கொண்டு, கேள்விகளைக் குறித்து நிலையத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பதில் பிறகு ஒலிபரப்பில் வரும். நம்ம ஊர்க் கேள்வி ரேடியோவில் வந்துவிட்டது என்றால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் தானாக வரும்! இத்தனைக்கும் அவருக்குச் சம்பளம் கிடையாது. நிலையத்தின் ஊழியர் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது.

குறையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. மன்றத்தில் நிலபுலன் உள்ளவர் பேச்சுத்தான் எடுபடும். கூலிக்காரரும் பெண்களும் பெரும்பாலும் வெளியேதான். நடவு நட்டதும் களை எடுத்ததும் யார்? ரேடியோ நெல்லின் லாபமும் மிராசுதாருக்குப் போன அளவு குத்தகைதாரருக்குப் போய்ச் சேரவில்லை.

பிறகு டிரான்சிஸ்டர் விலை இறங்கி வீட்டுக்கு வீடு வந்தது. ஒவ்வொருவரும் தனியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். தொலைக்காட்சியும் வந்த பிறகு மன்றங்கள் சத்தமில்லாமல் கலைந்தன. நிலையத்து ஆட்கள் ஓய்வு பெற்றார்கள். மன்றத்துச் செயலாளருக்கு ஓய்வு பெறுவதற்கு உத்தியோகமே கிடையாது. கூட்டம் நின்றது, அவ்வளவுதான்.

1966-ல் முப்பது வயதில் செயலாளராக இருந்தவர் இன்று தொண்ணூறை ஒட்டி இருப்பார். உங்கள் ஊரில் அப்படி ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு என்னென்ன கேள்வி எழுதி அனுப்பினீங்க என்று கேட்டுப் பாருங்கள். கேள்விகளைக் குறித்த நோட்டு இன்னும் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். எந்த வருஷம், எந்தப் பட்டத்தில், என்ன பூச்சி வந்தது என்று அதில் அவர் கையெழுத்திலேயே இருக்கும்.